மிஸ்ஸியிடம் சொன்னதும் என்னிடம் சொல்லாததும்

அவள் அழகியாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலிலேயே மறித்து, நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருப்பேன். என் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்த நாளில் எங்கள் ஊரில் குறைவு. ஆனால் என் புருஷனுக்கு மருந்து கட்டிய மிஸ்ஸிக்கு ஐம்பது வயதிருக்கும். தடித்த மூக்குக் கண்ணாடி, தொப்பிக்கு வெளியே தெரியும் நரை, நடந்தால் ஒரு பக்கம் சாயும் உடம்பு. இவளைப் பற்றி நான் யாரிடம் போய் என்னவென்று முறையிடுவது? "என்ட மனுசன் இந்தக் கிழவியோட சிரிச்சுக் கதைக்கிறார்" என்றா? கேட்கிறவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தாதியை மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நானும் வாயால் மிஸ்ஸி என்றேன். மனசுக்குள் அவள்தான். எழுதும்போதும் அப்படியே வருகிறது. திருத்தப் போவதில்லை.

இது அறுபதுகளில் நடந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில், எங்கள் வீடு. என் புருஷன் பாதையில் வேலை செய்தார். பாதை என்றால் வாவியைக் கடக்கிற பெரிய மிதவை. ஆட்களும் சைக்கிள்களும் மாட்டு வண்டியும் அதில் ஏறிக்கொள்ள, நாலு பேர் நீளக் கம்பை அடியில் ஊன்றித் தள்ளிக் கொண்டுபோய் அக்கரையில் விடுவார்கள். ஒரு நாள் காலை பாதை சேற்றில் இறுகிவிட்டது. தள்ளிவிடலாமென்று இவர் தண்ணீரில் குதித்தார். குதித்த இடத்தில் திருக்கை கிடந்தது. அதன் முள் வலது காலில், விரல்களுக்குக் கொஞ்சம் மேலே, ஏறி முறிந்தது. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியார் எண்ணெய் விட்டுப் பார்த்தார். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. மூன்றாம் நாள் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம்.

முள் ஏறிய அன்றைக்கு இவரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்களே, அப்போதும் இவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. "நோகுதா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். முகமெல்லாம் வியர்வை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குச் சீதனம். பெண்ணின் தாய் தகப்பன் பக்கத்து வளவில் வேறு வீடு கட்டிக்கொண்டு, வேலிக்கு மேலால் இங்கே ஒரு கண் வைத்திருப்பார்கள். இவர் அப்படி வந்து பதினொரு வருஷம். "மருமகன் வீட்டுல இரிக்கிறதே தெரியாது, அப்பிடித் தங்கமான மனுசன்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். இருக்கிறது தெரியாமல் இருப்பதுதான் நல்ல மருமகனுக்கு அடையாளம் என்று நானும் நம்பியிருந்தேன். வீட்டில் பேச்சுக்கா பஞ்சம்? அவருக்கும் சேர்த்து நான் பேசினேன்.

நான் ஒருநாள் விட்டு ஒருநாள் சோறும் கறியும் கட்டிக்கொண்டு வாவியைக் கடந்து, பஸ் ஏறி, நோயாளரைப் பார்க்க விடுகிற நேரத்துக்குப் போவேன். இரண்டாவது கிழமை என்று நினைக்கிறேன். வாட்டில், அந்த நீளமான நோயாளர் அறையில், பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி முஸ்லிம் ஒருவர் இருந்தார்; காக்கா என்று கூப்பிடுவோம். புடைவைக் கடைக்காரர், வயிற்றில் ஒப்பரேஷன் செய்து கிடந்தார். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

"வாங்க தங்கச்சி. அல்லாஹ்வே, உங்கட மனுசன் வாயத் திறந்தா இந்த வாட்டே சிரிக்குது. அந்த மாட்டு வண்டிக் கதையக் கேட்டு எனக்குத் தையல் பிரியப் பாத்திச்சு!"

நான் அவருடைய கட்டிலையும் என் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆள் மாறிச் சொல்கிறாரோ?

"என்ன மாட்டு வண்டிக் கதை?" என்று இவரிடம் கேட்டேன்.

"அது சும்மா" என்றார். என் சோற்றுப் பெட்டியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

காக்காதான் சொன்னார். நடு வாவியில் பாதையில் நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தண்ணீரில் குதித்து வந்த கரைக்கே நீந்திப் போய்விட்டதாம். வண்டிக்காரர் அரைத்தூக்கத்தில், மாடில்லாத வண்டியில் இருந்தபடி, "ஹை! ஹை!" என்று அக்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தாராம். காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததாம். அன்றைக்கும் இவர் வீட்டுக்கு வந்து, கை கழுவி, சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்திருப்பார். என்னிடம் ஒரு சொல் சொன்னாரில்லை.

"ஆருக்குச் சொன்னவர் இந்தக் கதைய?" என்றேன்.

"மிஸ்ஸிக்குத்தான். மருந்து கட்டக்குள்ள ஒவ்வொரு நாளும் ஒரு கதை. நாங்க காதைக் குடுத்துக்கொண்டு கிடக்கிற."

கொண்டுபோன இறால் கறியை இவர் ருசித்துச் சாப்பிட்டதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த முறை வேண்டுமென்றே வெள்ளெனவே, பார்க்க விடுகிற நேரத்துக்கு முன்னால், போனேன். வாசல்காரரிடம் கெஞ்சி, மருந்து கட்டும் நேரத்தில் உள்ளே நுழைந்துவிட்டேன். இவருடைய கட்டிலைச் சுற்றித் துணி மறைப்பு வைத்திருந்தார்கள். நான் வெளியே நின்றேன். ஒட்டுக் கேட்கத்தான் நின்றேன். அதில் வெட்கம் இல்லை. என் புருஷன், நான் கேட்கிறேன்.

"இண்டைக்கு எவ்வளவு தண்ணி தம்பி?" அது அவள் குரல்.

"இடுப்பளவு மிஸ்ஸி."

"நேத்து?"

"நேத்துக் கழுத்துக்குக் கிட்ட."

"அப்ப கரை தெரியுது."

"தெரியுது. ஆனா ஒரே சேறு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. பிறகு கிண்ணத்தில் ஏதோ இரும்பு தட்டும் சத்தம். உடனே இவர், "ஆ... ஐயோ மிஸ்ஸி, நெஞ்சு மட்டும் வந்திட்டு, நிப்பாட்டுங்க!" என்று கத்தினார்.

"நிப்பாட்டிட்டன். பாருங்க, கைய எடுத்திட்டன்."

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. "ஆம்பிளைக்கு இது என்ன" என்று சொல்லவில்லை, "கொஞ்சம் பொறுங்க" என்றும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இவர் பெருமூச்சு விட்டு முனகிக்கொண்டு கிடந்தார். கடைசியில் இவரே, "சரி, இப்ப செய்யுங்க" என்றார்.

காக்காதான் பிறகு எனக்கு விளக்கம் சொன்னார். வந்த அன்று மிஸ்ஸி நோகுதா என்று கேட்டாளாம். இவர் இல்லை என்றாராம். அவள் இவருடைய நெற்றி வியர்வையைப் பார்த்துவிட்டு, என்ன தொழில் என்று விசாரித்தாளாம். பாதைக்காரர் என்றதும், "அப்ப ஆழம் பாக்கத் தெரியும்தானே. இந்தக் காலுக்குள்ள எவ்வளவு தண்ணி எண்டு சொல்லுங்க" என்றாளாம். அன்றிலிருந்து கரண்டைக்கால், முழங்கால், இடுப்பு, நெஞ்சு, கழுத்து என்று இவர்கள் நோவை அளக்கிறார்கள். "இந்தா, இப்ப எனக்கும் அப்பிடித்தான் கேக்கிறா. எனக்கு நீந்தத் தெரியாது எண்டிட்டன்" என்று காக்கா சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த முனகல்தான் என் காதில். பதினொரு வருஷத்தில் எனக்கு அந்த மனுசன் ஒரு முனகல் தரவில்லை. காய்ச்சலென்று கிடந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். சம்பந்தமில்லாத ஒருத்தி, சம்பளத்துக்கு வேலை செய்கிறவள், இரண்டு கிழமைக்குள் அதை வாங்கிவிட்டாள்.

நானும் விட்டேனா? அடுத்த நாளே போய் இவருடைய காலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு, "இண்டைக்கு எவ்வளவு தண்ணி?" என்று கேட்டேன்.

இவருடைய முகம் சுருங்கிப்போயிற்று. களவு பிடிபட்டவரைப் போல அங்கும் இங்கும் பார்த்தார். "சும்மா இரு புள்ள" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கோபத்தோடு நேரே அவளிடம் போனேன். வாட்டின் முனையில் மேசை போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை.

"என்ட மனுசன் உங்களோட அப்பிடி என்னத்தக் கதைக்கிற மிஸ்ஸி?"

"அவருக்கு வாறதையெல்லாம் கதைக்கிறார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் தங்கச்சி."

"அதுதான் என்ன எண்டு கேக்கிறன்."

"அத நான் சொல்லப்படாது. அவரிட்டக் கேளுங்க."

"நான் பொஞ்சாதி!"

"ஓம். அதாலதான் அவரிட்டக் கேளுங்க எண்டுறன்."

குரலை ஒரு பிடி உயர்த்தியிருந்தாலும் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உயர்த்தவில்லை. மூக்குக் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துக்கொண்டு, நான் இன்னும் ஏதாவது சொல்லுவேனோ என்று காத்திருந்தாள். அந்தப் பார்வையில் நின்றால் நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. விறுவிறென்று வந்துவிட்டேன்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். மனுசனை வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும்.

டொக்டர் வாட்டைச் சுற்றி வருகிற நேரத்தில் நின்று பொய் சொன்னேன். அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள், எங்கள் எட்டு வயது மகள் தனியாக இருக்கிறாள், வாவியைக் கடந்து வந்துபோக எனக்கு ஏலாது. அம்மா அன்றைக்கும் இரண்டு பனை ஓலைப் பெட்டி இழைத்துவிட்டுத்தான் படுத்திருப்பாள்; மகளும் அவளோடுதான். டொக்டர் காலைப் பார்த்தார். புண் ஆறி வருகிறது, வீட்டில் ஒழுங்காக மருந்து கட்டி, ஐந்து நாளைக்கு ஒருமுறை உங்கள் பக்கத்து டிஸ்பென்சரியில் காட்டினால் போகலாம் என்றார். அவள் பின்னால் நின்று, "இன்னும் பத்து நாள் கிடந்தா நல்லம் டொக்டர்" என்றாள். டொக்டர் இவரிடம் கேட்டார். இவர் எப்போதும் போல, "அவ சொல்லுற மாதிரி" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மிஸ்ஸியைப் பார்த்தார்.

டிக்கற் வெட்டி, வீட்டுக்குப் போக விட்டாயிற்று. நான் ஜெயித்துவிட்டேன்.

மருந்து கட்டுவது எப்படியென்று அவள் எனக்குக் காட்டித் தந்தாள். கொதித்தாறிய தண்ணீர், உப்பு, எந்தப் பக்கத்திலிருந்து துடைக்கவேண்டும், துணியை எப்படிச் சுற்றவேண்டும் எல்லாம். பிறகு சொன்னாள்: "மறுகா ஒண்டு தங்கச்சி. நோகுதா எண்டு கேட்டா இல்ல எண்டுதான் சொல்லுவார். அத நம்பப்படாது. கேட்டுப்போட்டு நீங்க..."

"என்ட மனுசனோட கதைக்க எனக்குத் தெரியும் மிஸ்ஸி" என்றேன். "பதினொரு வருசமாக் கதைக்கிறன்."

அவள் மருந்துத் துணிப் பொட்டலத்தை என் கையில் தந்தாள். நல்ல அடி கொடுத்தேன் என்று பஸ்ஸில் வரும்போது எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

வீட்டில் காலை வேலை முடிந்ததும் ஒரு மணித்தியாலம் அந்தக் காலுக்கென்று ஒதுக்கினேன். இவரைக் கட்டிலில் இருத்தி, நான் கீழே சின்னப் பலகையில் இருந்து, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். கழுவுவேன், துடைப்பேன், சுற்றுவேன். ஊர்க் கதையெல்லாம் சொல்லுவேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். "நோகுதா?" என்று கேட்பேன். "இல்ல" என்பார், அவ்வளவு மெதுவாக.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுடைய கையில் ஐயோ என்று கத்தியவர், என் கையில் இல்லை என்கிறார்! கிணற்றடியில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். "அங்க ஆஸ்பத்திரியில மிஸ்ஸி தொட்டாக் கத்துவார். என்ட கைபட்டா நோகிறதே இல்லையாம்." பெண்கள் கேலி பண்ணினார்கள். அந்தக் கேலியும் எனக்கு இனித்தது. ஐந்தாம் நாள் டிஸ்பென்சரிக்குப் போகவேண்டும். நோகாத காலை எதற்குக் கொண்டுபோய்க் காட்ட என்று விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் ஒரு மணம் வந்தது. துணி பழசு என்று நினைத்து வேறு துணி கிழித்துக் கட்டி, அறையில் சாம்பிராணி போட்டேன். "நோகுதா?" "இல்ல." ஏழாம் நாள் சின்னவிரல் நிறம் மாறியிருந்தது. "நோகுதா?" "இல்ல." எட்டாம் நாள் காலை இரண்டு விரல் கறுத்து, பாதம் வீங்கி மினுங்கியது. இவருக்கு உடம்பு உதறியது. "நோகுதா?" என்று கேட்டேன். பல் கிட்டிக்கொண்டிருக்க, அதற்குள்ளாலும், "இல்ல புள்ள" என்றார்.

அப்போதுதான் பயந்தேன். இவர் எனக்குச் சொன்ன 'இல்ல' ஒன்றிலும் உண்மை இருந்ததில்லை என்று அந்த நிமிஷத்தில் விளங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "ஒண்டுமில்ல, விடு" என்று தலையை ஆட்டினார். அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று பரிசாரியாரைக் கூப்பிடு என்றாள். நான் சேலையை மாற்றிக்கொண்டு பட்டணத்துக்கு ஓடினேன். இவர் உண்மை சொல்லக்கூடிய ஒரே ஆள் யாரென்று எனக்குத் தெரியும். அது நானில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் காலை வேலை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிற நேரம். முன்னால் போய் நின்றேன். வாய்க்காரி எனக்கு வாய் வரவில்லை. "மிஸ்ஸி, அவர் எனக்குச் சொல்லுறாரில்ல" என்று மட்டும் வந்தது. காலைப் பற்றி அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

"நான் அண்டைக்கே சொன்னன்" என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றினாள், உள்ளே போய் யாரிடமோ பேசினாள், ஒரு பையோடு வந்தாள். "வாங்க போவம்" என்றாள்.

பாதையில் ஏறினோம். இவருடைய கூட்டாளிகள்தான் கம்பு பிடித்தார்கள். அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஏறியவுடன் முன்பக்கத்தைக் காட்டி, "இந்த இடத்திலதானே தம்பி நிக்கிற?" என்று கேட்டாள். "ஓம் மிஸ்ஸி" என்றார்கள். "மூண்டாம் பலகை ஆடும் எண்டு சொன்னவர்" என்று சொல்லி அதைத் தாண்டிக் காலை வைத்தாள். சின்ன வயதிலிருந்து அதில் போய்வருகிற நான் அதன் மேலேயே காலை வைத்துத் தடுமாறினேன். அவள்தான் என் கையைப் பிடித்தாள். இவருடைய உயிர் ஊசலாடுகிறது, நான் அந்தப் பலகையை நினைத்து வயிறெரிகிறேன். பொறாமைக்கு நேரம் காலம் கிடையாது.

வீட்டுக்குள் வந்தவுடன் அவள் காலைத் தொடவில்லை. பாயை இழுத்துப் போட்டு இவருடைய தலைமாட்டில் இருந்தாள். என்னையும் இருத்தினாள்.

"எவ்வளவு தண்ணி தம்பி?"

இவர் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். நான் வாய் திறந்தேன், "எட்டு நாளா இல்ல இல்ல எண்டுதான்..." என்று தொடங்கப் போனேன். அவள் திரும்பாமலே என் முழங்காலில் கையை வைத்தாள். நான் நிறுத்தினேன். முற்றத்தில் கோழி கிளறுவது கேட்டது. அவ்வளவு நேரம் ஒருவரும் பேசாமல் அந்த வீடு இருந்ததே இல்லை.

"நிலைக்குதில்ல மிஸ்ஸி" என்றார். கம்பை முழுதாய் விட்டாலும் அடி தட்டாத ஆழத்தைப் பாதைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "நாலு நாளா நிலைக்குதில்ல." சொல்லிவிட்டுப் பெரிய சத்தமாக அழுதார்.

நாலு நாளும் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு கதையளந்தவள் நான்.

பாதைக்காரர்கள் இவரைக் கதிரையோடு தூக்கிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்று பின்னேரமே ஒப்பரேஷன். மூன்று விரல்களையும் பாதத்தின் ஓரத்தில் கொஞ்சத்தையும் எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டொக்டர். நடக்கலாம். ஆனால் கம்பு ஊன்றித் தள்ள விரல் பலகையைக் கவ்விப் பிடிக்கவேண்டும். அந்த வேலை இனி இல்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு மருந்து கட்டும் நேரத்துக்கு அவள் என்னை வரச் சொன்னாள். மறைப்பை இழுத்துவிட்டாள். பஞ்சைப் பிடிக்கிற சாமணத்தையும் கிண்ணத்தையும் என்னிடம் நீட்டினாள்.

"நான் மாட்டன் மிஸ்ஸி. நான் கட்டித்தான் இப்பிடி வந்தது."

"கட்டினதில பிழையில்ல. நல்லாத்தான் கட்டியிருந்தீங்க." குரலைத் தாழ்த்தினாள். "கேட்டுப்போட்டுச் சும்மா இரிங்க. இன்னொண்டு கேக்காதீங்க. அவருக்குரிய பதில நீங்க சொல்லிப்போடாதீங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு மறைப்புக்கு வெளியே போய் நின்றாள். துணிக்குக் கீழே அவள் காலில் போட்ட வெள்ளைச் சப்பாத்து இரண்டும் தெரிந்தன.

காலை மடியில் வைத்தேன். துணியை அவிழ்த்தேன். "நோகுதா?"

இவர் சப்பாத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் நாக்கின் நுனியில் பத்துச் சொல் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நோகுது" என்றார். "கைய எடுகா."

எடுத்தேன். எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். இன்னும் இருந்தேன். அப்போது தொடங்கினார் பாருங்கள்.

"உங்கட அம்மா நான் சோறு தின்ன இரிந்தாக் கறிச்சட்டிய மூடி வைக்கிறவ. பதினொரு வருசமா." நிறுத்தினார். நான் பேசவில்லை. "நான் செஞ்ச கதிரைய எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாம உன்ட தங்கச்சிக்குக் குடுத்தாய். என்னோட கதைக்கக்குள்ள நீயே கேக்கிறாய், நீயே பதில் சொல்லுறாய். மாடு குதிச்ச அண்டைக்கு உனக்குச் சொல்லிச் சிரிக்கத்தான் ஓடி வந்தன். நீ மண்ணெண்ணெய் முடிஞ்ச கதையச் சொன்னாய். நான் பேசாமப் படுத்திட்டன்."

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கறிச்சட்டியை மூடுவது பூனைக்காக! தங்கச்சியை அன்றைக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்! ஒன்றையும் சொல்லாமல் விழுங்கினேன். விழுங்க விழுங்க இன்னொன்று விளங்கியது. மறைப்புக்குள் தினமும் அவள் கேட்டுக்கொண்டிருந்தது மாட்டுக் கதை மட்டுமில்லை. என்னைப் பற்றியும்தான் கேட்டிருக்கிறாள். என் வண்டவாளமெல்லாம் தெரிந்துகொண்டுதான் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டாள், தங்கச்சி என்றாள்.

"இதெல்லாம் மிஸ்ஸிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம்."

"எல்லாத்தையும்?"

பேசாமல் இருந்தார். நானும் இருந்தேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை.

"ஒண்டு சொல்லல்ல" என்றார். "ஊட்டுல ஏன் நோகுதெண்டு சொல்லல்ல எண்டு மிஸ்ஸி கேட்டா. வெக்கத்தில எண்டு சொன்னன். அது பொய்." கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒரு மணித்தியாலம் என்ட காலத் தூக்கி மடியில வெச்சுக்கொண்டு இரிந்தாய். இவ்வளவு காலத்தில ஒருநாளும் நீ என்னோட அப்பிடி இரிந்ததில்ல. நோகுதெண்டு சொன்னாத் திருப்பி இஞ்ச கொண்டுவந்து போட்டிருவாய். அதுதான் சொல்லல்ல."

நான் சட்டென்று மறைப்புக்குக் கீழே பார்த்தேன். சப்பாத்து இரண்டும் அங்கே இல்லை. அவள் எப்போது போனாள் என்று தெரியாது. வாட்டின் மறுமுனையில் யாரிடமோ அவள் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அவள் இதைக் கேட்கவில்லை, இது எனக்கு மட்டும் சொன்னது என்று ஒரு சந்தோஷம்தான் முதலில் வந்தது. அது வந்து முடிந்த பிறகுதான் மடியில் கிடந்த கால் என் கண்ணில் பட்டது.